கச்சான் காற்றுக்கும் உப்புக்கும் எந்த வண்டி? ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு மின் வண்டி ஒப்பீடு

"உச்சிப்புளியில வீடு, ராமநாதபுரத்துல வேலை. பழைய வண்டிக்கு எட்டு வயசாச்சு. கரண்ட் வண்டி எடுக்கலாமாண்ணே, இல்ல பெட்ரோலே எடுத்துரவா?"

கடற்கரைப் பக்கம் இப்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. ஷோரூமில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் பொருந்துகிற பதில். அங்கே ஆடி மாதத்தில் எதிர்காற்றோடு மல்லுக்கட்டி வீடு திரும்ப வேண்டியதில்லை. சாலையோரமெல்லாம் சீமைக்கருவேல முள் கிடப்பதில்லை. வண்டி கழுவுகிற தண்ணீரே உப்பாக இருப்பதில்லை. தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, சாயல்குடி, பாம்பன் தாண்டி ராமேஸ்வரம் என்று கடலோரத்தில் குடியிருப்பவர்கள் இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். அப்படிப் போட்டால் சிலருக்கு மின் வண்டி கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடியது. சிலர் இன்னும் சில வருடம் பெட்ரோலிலேயே இருப்பது நல்லது.

## எதை வைத்து எடைபோடுவது

### திரும்பி வரும் தூரம்

விளம்பரத்தில் 120 கி.மீ. என்று போட்டிருந்தால் அது சோதனைக்கூடத்தில் எடுத்த அளவு. காற்றில்லாத நாளில், 40 கி.மீ. வேகத்தில், ஒருவர் மட்டும் ஓட்டினால் சுமார் 85 கி.மீ. கிடைக்கும். அதன்பிறகு நம் ஊர்க் காற்று வந்து கழிக்கும்.

40 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், வண்டிக்கு அது 60 கி.மீ. காற்று. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் தடை இரண்டே கால் மடங்காகிவிடும். டயர் உருளும் தடை மாறாது. இருந்தாலும் மொத்தத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் மின்சாரம் ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். ராமநாதபுரத்திலிருந்து மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் போகும் சாலை கிழக்கு நோக்கி நீள்கிறது. கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் போகும்போது காற்று முதுகில் தள்ளும், மேற்கே திரும்பும்போது முகத்தில் அறையும். வாடை (வடகிழக்குக் காற்று) காலத்தில் இது தலைகீழ். காலையில் காற்று அடங்கியிருக்கும், சாயங்காலம் ஏறியிருக்கும் என்பதால், காலையில் மிச்சப்படுத்தியதை மாலையில் செலவழிக்கலாம் என்ற கணக்கும் எல்லா நாளும் சரிப்படாது.

அதோடு நாலைந்து வருடத்தில் பேட்டரி ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கும். எல்லாவற்றையும் கழித்தால் கைக்கணக்கு இதுதான்: விளம்பரத் தூரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. 120 என்றால் 48. போய்வரும் மொத்தத் தூரம் இதற்குள் அடங்க வேண்டும்.

ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் சுமார் 15 கி.மீ., கீழக்கரை 17, உச்சிப்புளி 18. போய்வர 30 முதல் 36 கி.மீ.தான், தாராளமாக அடங்கும். மண்டபம் 35-க்கு மேல்; போய்வர 70-ஐத் தாண்டும், நடுவில் சார்ஜ் இல்லாமல் இழுபறி. ராமேஸ்வரம் 55, போய்வர 110. வேலை செய்யும் இடத்தில் பிளக் இல்லாவிட்டால் அதை எண்ணிப் பார்க்கவே வேண்டாம்.

### சார்ஜ் போடும் இடம்

வண்டியை நிறுத்தும் இடத்தில் காரைச் சுவர், கான்கிரீட் அல்லது ஓட்டுக் கூரை, 16 ஆம்பியர் பிளக் பாயின்ட், உயிரோடிருக்கும் எர்த் ஆகிய நான்கும் இருக்கிறதா? பனையோலை, தென்னங்கீற்றுக் கொட்டகைக்கு அடியில் எந்த லித்தியம் பேட்டரியையும் சார்ஜ் போடக்கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது. சார்ஜர் பிளக் சூடேறி ஒரு பொறி பறந்தாலும் ஓலைக்கு அது போதும்.

எர்த் விஷயத்தில் கடற்கரை வீடுகள் ஏமாற்றும். உப்பு மண்ணில் புதைத்த இரும்புக் குழாய் சில வருடத்தில் அரித்துப்போய், மேலே தெரியும் கம்பி மட்டும் எர்த் போலக் காட்சி தரும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள். 5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சரிசெய்த பிறகுதான் சார்ஜர். மெயின் போர்டிலிருந்து தனியாக 2.5 சதுர மி.மீ. வயர் இழுத்து, மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டுவிடுங்கள். இந்த வேலைக்கு ஆகும் சில ஆயிரங்களை வண்டி விலையோடு சேர்த்துக்கொள்வதுதான் நியாயம்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகலில் வருவதால் இரவு சார்ஜுக்குத் தொந்தரவில்லை. ஆனால் கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வீட்டில் இருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரியில் மொத்தமே 1.8 யூனிட்தான் இருக்கும். ஸ்கூட்டருக்கு வேண்டியது அதைவிட அதிகம்.

### உப்பு

மின் வண்டியின் பேட்டரிகள் இப்போது ஐ.பி.67 தரத்தில் வருகின்றன. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் போகாது என்று பொருள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. வருடக்கணக்கில் கடல்காற்றில் நிற்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பேட்டரிப் பெட்டி பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடும். சாகிறவை சின்னச் சாமான்கள்: சார்ஜிங் பின், வயர்களை இணைக்கும் கப்ளர், பிரேக் லீவர் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சென்சார். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கடலைப் பார்த்து நிறுத்தும் வண்டியில் நடப்பது இப்படி இருக்கும். சைடு ஸ்டாண்டை மடக்கிய பிறகும் திரையில் ஸ்டாண்டு குறி அணையாது. திராட்டிலை எவ்வளவு திருகினாலும் வண்டி அசையாது. பேட்டரி 80 சதவீதம், மோட்டார் நன்றாக இருக்கிறது, ஆனால் சுவிட்ச் முனையில் மணலும் உப்பும் கெட்டிப்பட்டு, வண்டி இன்னும் ஸ்டாண்டில் நிற்பதாக அது சொல்லிக்கொண்டிருக்கிறது. நல்ல தண்ணீரில் நனைத்த பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்டாண்டைப் பத்து தடவை போட்டு எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இது தெரியாதவர் வண்டியை வேனில் ஏற்றிச் சர்வீஸுக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்.

பெட்ரோல் வண்டியும் துருப்பிடிக்கத்தான் செய்கிறது. சைலன்சர் ஓட்டை விழும், பைக் என்றால் செயின் இறுகும். வித்தியாசம் என்னவென்றால், பெட்ரோல் வண்டி துருவோடு ஓடும். மின் வண்டி ஒரு கப்ளரில் பச்சைக் களிம்பு ஏறினால் நின்றுவிடும்.

### முள்

இதை ஷோரூமில் யாரும் சொல்வதில்லை. பல மின் ஸ்கூட்டர்களில் மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்தச் சக்கரத்தைக் கழற்ற வயர் கப்ளரையும் பிரிக்க வேண்டும். சாதாரண பஞ்சர் கடையில் கை வைக்கத் தயங்குவார்கள். ஆகவே டியூப்லெஸ் டயர் கட்டாயம். சீமைக்கருவேல முள் குத்தினால் சக்கரத்தைக் கழற்றாமலே திரி வைத்து அடைக்கலாம். பஞ்சர் கிட், கைப்பம்பு இரண்டும் சீட்டுக்கு அடியில் எப்போதும் இருக்கட்டும்.

### வண்டி நின்றால் யார் வருவார்கள்

பெட்ரோல் வண்டிக்கு எந்தக் கிராமத்து முக்கிலும் மெக்கானிக் உண்டு. மின் வண்டிக்குச் சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது, அது உங்கள் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டர், வண்டியை எடுத்துப்போக அவர்களே வருவார்களா, அல்லது நீங்கள் குட்டி யானை பிடித்து ஏற்றிப்போக வேண்டுமா? தீவில் இருப்பவருக்கு இந்தக் கேள்வி விலையைவிட முக்கியம்.

### பணம்

நாளுக்கு 40 கி.மீ., வருடத்துக்கு 300 நாள் என்றால் 12,000 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ. தரும் ஸ்கூட்டருக்கு 267 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 26,700 ரூபாய். அதே தூரத்துக்கு மின் ஸ்கூட்டர், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, சுமார் 400 யூனிட் எடுக்கும். மேல் அடுக்குக் கட்டணமாக யூனிட்டுக்கு 9 ரூபாய் போட்டாலும் 3,600 ரூபாய்தான். ஆயில், பில்டர், பிளக் செலவு இல்லாததையும் சேர்த்தால் வருடத்துக்குச் சுமார் 25,000 மிச்சம்.

ஆனால் 3 கிலோவாட் மணி (3 யூனிட்) பேட்டரி ஒன்று மாற்ற அரை லட்சத்துக்கு மேல் ஆகும். 60,000 என்று வைத்து ஆறு வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 10,000 எடுத்துவைக்க வேண்டும். உண்மையான மிச்சம் 15,000. புது வண்டி வாங்கியே ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு, பெட்ரோல் ஸ்கூட்டருக்கும் மின் ஸ்கூட்டருக்கும் இருக்கும் விலை வித்தியாசம் இரண்டு வருடத்தில் வந்துவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பெட்ரோல் வண்டியை 30,000-க்குத் தள்ளிவிட்டு 1,25,000-க்கு மின் வண்டி எடுப்பவருக்கு, கையிலிருந்து போன 95,000 திரும்ப ஆறு வருடத்துக்கு மேலாகும். இந்த இரண்டு பேரையும் ஒரே மாதிரி நினைத்துத்தான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள்.

நாளுக்கு 15 கி.மீ. மட்டும் ஓடுகிறவர் வருடத்துக்கு 8,500 ரூபாய் அளவுக்குத்தான் பெட்ரோலில் மிச்சம் பிடிப்பார். ஓடாமல் நின்றாலும் பேட்டரிக்கு வயதாகும் என்பதால் அவருக்கு லாபம் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இன்னொரு மறைந்த செலவு மின்கட்டண அடுக்கு. இரண்டு மாதத்துக்கு 67 யூனிட் கூடும். ஏற்கெனவே 450 யூனிட் ஓடும் வீடு 500-ஐத் தாண்டிவிடும்; அதன்பிறகு கட்டணம் சட்டென்று ஏறும். ஏ.சி. ஓடும் கோடை மாதங்களில் இதைக் கவனியுங்கள்.

## ஒரே பார்வையில்

| | பெட்ரோல் ஸ்கூட்டர் | மெதுவேக மின் ஸ்கூட்டர் (25 கி.மீ. வேகத்துக்குள்) | வேக மின் ஸ்கூட்டர், நிலையான பேட்டரி | வேக மின் ஸ்கூட்டர், கழற்றும் பேட்டரி | மின் சைக்கிள் |
|---|---|---|---|---|---|
| நாளுக்குப் பொருந்தும் தூரம் | எவ்வளவும் | 20 கி.மீ. வரை | 50 கி.மீ. வரை | 40 கி.மீ. வரை, இரண்டாம் சார்ஜ் இருந்தால் கூடும் | 15 கி.மீ. வரை |
| ஓட்டுநர் உரிமம், பதிவெண் | வேண்டும் | வேண்டாம் | வேண்டும் | வேண்டும் | வேண்டாம் |
| எதிர்காற்று | கவலையில்லை | மிகவும் திணறும் | தூரம் குறையும் | தூரம் குறையும் | மிதித்துச் சமாளிக்கலாம் |
| உப்பில் முதலில் போவது | சைலன்சர், கேபிள் | கண்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி), பேட்டரி முனை | சார்ஜிங் பின், சென்சார் | பேட்டரி பொருந்தும் முனை | செயின், ஸ்போக் |
| பழுது பார்ப்பவர் | எல்லா ஊரிலும் | விற்ற கடை மட்டும் | கம்பெனி சர்வீஸ் | கம்பெனி சர்வீஸ் | சைக்கிள் கடை பாதி வேலை பார்க்கும் |
| சார்ஜ் போடும் இடம் | தேவையில்லை | வண்டி நிற்கும் இடம் | வண்டி நிற்கும் இடம் | வீட்டுக்குள், கடைக்குள் | ஓலைக் கொட்டகை தவிர எங்கும் |

## பெட்ரோல் வண்டியிலேயே இருப்பது

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகத்துக்கோ, கல்லூரிக்கோ தினம் போய்வருபவர், சாயல்குடியிலிருந்து வருபவர், மாதத்தில் பாதி நாள் எங்கே போவோம் என்று தெரியாமல் ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பிரதிநிதி, அதிகாலை இரண்டு மணிக்கு ஐஸ் பெட்டியோடு மீன் ஏலத்துக்குப் போய் அங்கிருந்து பரமக்குடி வரை ஓடும் வியாபாரி. இவர்களுக்குப் பெட்ரோல்தான். ஐஸ் பெட்டியோடு மீன் 60, 70 கிலோ வரும். அந்தப் பாரத்தை எதிர்காற்றில் இழுத்தால் பேட்டரி தூரம் கண்ணெதிரே கரையும். பெட்டியிலிருந்து சொட்டும் உப்புத் தண்ணீர் நேராகப் பின்சக்கர மோட்டார் வயர் நுழையும் ஆக்ஸில் மேல் விழும் என்பது அதைவிடப் பெரிய காரணம். மின் வண்டியில் மீன் ஏற்றியே ஆக வேண்டும் என்றால், பெட்டிக்கு அடியில் தட்டு வைத்து ஒரு ரப்பர் குழாயைத் தரைவரை இறக்கிவிட வேண்டும்.

செலவு: பெட்ரோல் மேலே சொன்னபடி. 2022-இல் நிர்ணயித்த கட்டணப்படி மூன்றாம் நபர் காப்பீடு 75 முதல் 150 சி.சி. வண்டிக்கு வருடம் 714 ரூபாய். 3 முதல் 7 கிலோவாட் மின் வண்டிக்கு 607. பெரிய வித்தியாசமில்லை.

## மெதுவேக மின் ஸ்கூட்டர்

250 வாட்டுக்கு மிகாத மோட்டார், மணிக்கு 25 கி.மீ. வேகம் தாண்டாத வண்டி என்றால் சட்டப்படி அது மோட்டார் வாகனமே இல்லை. லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். விலை 50,000 முதல் 80,000-க்குள். இதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் இழுக்கப்படுகிறார்கள்.

ஊருக்குள், கடைத்தெருவுக்கு, பிள்ளைகளைப் பள்ளியில் விட, கீழக்கரை மாதிரி நெருக்கமான தெருக்களில் ஓட்ட இது நல்ல வண்டிதான். தேசிய நெடுஞ்சாலை 87-இல் ஏற்றாதீர்கள். சுற்றுலா வேன்களும் பேருந்துகளும் 80-இல் வரும் சாலையில் 25-இல் போவது ஆபத்து. பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். பக்கக் காற்று தள்ளும்போது லேசான வண்டி வளைந்து வளைந்து போகும், பின்னால் வருபவர் பொறுமையாகவும் இருக்கமாட்டார்.

இரண்டு எச்சரிக்கை. சில கடைகளில் "ஒரு வயரைப் பிரிச்சா 45 போகும்ணே" என்று சொல்லிச் செய்து தருவார்கள். அந்த நொடியிலிருந்து அது பதிவில்லாத, காப்பீடில்லாத மோட்டார் வாகனம். யார் மேலாவது மோதிவிட்டால் நஷ்டஈடு முழுவதும் உங்கள் தலையில்தான். இரண்டாவது, விலை குறைந்த வண்டிகளில் ஈய பேட்டரி வரும். நம் வெயிலில் அது ஒன்றரை, இரண்டு வருடம்தான். ஐந்து பேட்டரி சேர்ந்து 35, 40 கிலோ கனம் வேறு. இந்த ரகத்தில் எடுப்பதென்றால் லித்தியம் பேட்டரி, டியூப்லெஸ் டயர் இரண்டும் உள்ளதை மட்டும் பாருங்கள்.

## வேக மின் ஸ்கூட்டர், நிலையான பேட்டரி

தினமும் 25 முதல் 50 கி.மீ. ஓடுபவர், சொந்த வீட்டில் காரைச் சுவரோரம் நிறுத்துபவர், ராமநாதபுரத்திலிருந்து 20 கி.மீ. சுற்றளவுக்குள் இருப்பவர் ஆகியோருக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். விலை 1,00,000 முதல் 1,50,000. பேட்டரி 2.2 முதல் 4 கிலோவாட் மணி. இரவு பத்து மணிக்குப் போட்டால் விடியுமுன் நிறைந்துவிடும்.

வாங்கும்போது பேட்டரி அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். 2.2-க்கும் 3-க்கும் உள்ள விலை வித்தியாசம், அன்றைக்கு வீண் செலவாகத் தோன்றும். நான்காவது வருடத்து ஆடி மாதத்தில் அதன் அருமை தெரியும். சிறிய பேட்டரியைத் தினம் அடிவரை இறக்குவதால் அது சீக்கிரம் தேயும். பெரியது பாதியில் திரும்பிவிடும்.

மோட்டார் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டி.வி.எஸ். ஐக்யூபில் பின்சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஏதரில் நடுவில் இருந்து பெல்ட் மூலம் சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கர மோட்டாரில் தேய்மானப் பாகம் குறைவு, ஆனால் ஆக்ஸில் பக்கம் தண்ணீர் ஏறினால் உள்ளிருக்கும் சென்சார் போகும். வண்டி உதறி உதறிப் புறப்பட்டால் அதுதான் அறிகுறி. பெல்ட் வண்டியில் மணல் புகுந்தால் கீச்சுச் சத்தம் வரும்; நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அடங்கும். வீடு மணற்பாங்கான தெருவில் இருந்தால் சக்கர மோட்டாரும், மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் தெருவில் இருந்தால் நடு மோட்டாரும் கொஞ்சம் நிம்மதி.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேட்டரியைக் கெடுப்பதில் எத்தனை தடவை சார்ஜ் போட்டோம் என்பதைவிடச் சூடு பெரிய எதிரி. மதியம் ஓட்டி வந்தவுடன் பிளக்கைச் சொருகாதீர்கள், அரை மணியாவது நிழலில் ஆறட்டும். அன்றாடம் 80, 90 சதவீதத்தில் நிறுத்துங்கள். மாதம் ஒரு முறை முழுதாக ஏற்றினால் செல்கள் ஒன்றுக்கொன்று சமமாகும்.

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடியும் அரிச்சல்முனைக்குப் போய்வர 45 கி.மீ. அளவு. இந்த வண்டி தாங்கும். கச்சான் காலத்தில் போகும்போது காட்டும் மீதித் தூரத்தை நம்பாதீர்கள். அது பின்காற்றில் கணக்கிட்டது. அரிச்சல்முனையில் 60 சதவீதத்துக்குக் குறைவாக நின்றால் திரும்பும்போது 35 கி.மீ. வேகத்தில் ஓட்டுங்கள். மணலில் இறக்கவே வேண்டாம். மோட்டார் சுற்ற முடியாமல் திணறும்போது கண்ட்ரோலர் சூடேறி, அதுவாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும்.

## வேக மின் ஸ்கூட்டர், கழற்றும் பேட்டரி

ஹீரோ விடா போன்ற வண்டிகளில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப் போகலாம். ஒவ்வொன்றும் சுமார் 10 கிலோ, ஒரு குடம் தண்ணீரைவிடக் குறைவுதான்.

மாடியில் வாடகைக்கு இருப்பவர், வண்டியைத் தெருவில் நிறுத்தி வீட்டுக்குள் மட்டும் பிளக் உள்ளவர், ராமேஸ்வரம் ரத வீதிகளைச் சுற்றிக் கடைகளில் வேலை பார்ப்பவர் ஆகியோருக்கு இதுதான் வழி. கடையில் முதலாளியிடம் கேட்டு ஒரு பிளக் வாங்கிக்கொண்டால் மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் போய்வரும் 40 கி.மீ. சிரமமே இல்லை. யூனிட் கணக்குக்கு மாதம் இவ்வளவு என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள், பின்னால் மனத்தாங்கல் வராது.

குறை: பேட்டரி பொருந்தும் முனைகள் தினமும் திறந்து மூடப்படுவதால் உப்புக்காற்று நேரே படும். மாதம் இரு முறை உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். முனை கருத்திருந்தால் அது சூடேறிய தடம். அன்றே சர்வீஸில் காட்டுங்கள். பேட்டரியைக் கதவோரம், படுக்கும் அறையில் வைத்துச் சார்ஜ் போடக்கூடாது. வெளியே ஓடும் வழியை அது அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது.

## மின் சைக்கிள்

25,000 முதல் 45,000 ரூபாய். 250 வாட் மோட்டார், கையோடு எடுத்துப்போகும் சின்ன பேட்டரி. நிறையப் பேர் இதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குகிறார்கள். ஒரு கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை: பஸ் ஏறுகிறவர்கள்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் மூன்று, நாலு கிலோமீட்டர் என்பதால் மட்டும் ஸ்கூட்டர் வாங்க நினைக்கும் பெண்களுக்கு, அந்தத் தூரத்துக்கு மின் சைக்கிளும் மீதிக்கு பஸ்ஸும் போதும். மாத மின்சாரச் செலவு சில பத்து ரூபாய்தான். எதிர்காற்றில் மோட்டாரும் காலும் சேர்ந்து தள்ளும். பேட்டரி தீர்ந்தாலும் வீடு வந்து சேரலாம்.

இதில் டியூப் டயர்தான் வரும். பின்சக்கரத்தைக் கழற்றாமல், சைக்கிளைப் படுக்கவைத்து, ஒரு பக்கம் மட்டும் டயரை நெம்பி டியூபை வெளியே இழுத்து ஒட்டச் சொல்லுங்கள். செயினுக்கு வாரம் ஒரு முறை எண்ணெய். கடற்கரையில் இரண்டு வாரம் விட்டால் செயின் சிவந்துவிடும்.

## எதை எடுத்தாலும் உப்புக்குச் செய்ய வேண்டியவை

முதல் வாரமே செய்யுங்கள், துரு வந்த பிறகு செய்வதில் பாதிப் பலன்தான்.

- தண்ணீர். போர் தண்ணீரில் கழுவாதீர்கள். நம் பக்கம் அது பெரும்பாலும் உப்பு. கழுவிக் காய்ந்ததும் வெள்ளைப் பொடி நிற்கும், அதுவே அரிக்கும். காவிரிக் கூட்டுக் குடிநீர் ஒரு வாளி போதும். துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். வாட்டர் சர்வீஸில் அழுத்தத் தண்ணீர் அடிக்கவிடாதீர்கள்; கப்ளர் உள்ளே தண்ணீரைச் செலுத்துவது அதுதான்.
- கப்ளர். மின் இணைப்புக்குள் ஈரம் புகாமல் தடுக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் என்று கேட்டு வாங்கி, முதல் சர்வீஸிலேயே வெளியே தெரியும் கப்ளர்களில் தடவச் சொல்லுங்கள். நீங்களே பிரித்தால் வாரண்டிச் சண்டை வரும்.
- சார்ஜிங் பின். மூடியைத் திறந்தே விடாதீர்கள். சார்ஜ் போட்ட ஒரு மணி நேரத்தில் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே களிம்பு. சார்ஜ் போடுவதை நிறுத்திவிடுங்கள்.
- நிறுத்தும் திசை. கடலுக்கு முதுகு காட்டி, ஒரு சுவரின் மறைவில் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் கவரை இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நிற்கும். பருத்திப் போர்வை நல்லது.
- மழைத் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் சாலையில் தேங்கினால், ஆக்ஸில் மூழ்கும் ஆழத்தில் ஓட்டாதீர்கள்.

## பணம் கட்டும் முன்

வாரண்டித் தாளில் துரு, உப்பு அரிப்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடிப் படியுங்கள். பெரும்பாலும் விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். பேட்டரி வாரண்டி எத்தனை வருடம் என்பதோடு, எத்தனை சதவீதத்துக்குக் கீழ் இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்பதும் எழுத்தில் வேண்டும். காப்பீட்டில் பேட்டரிக்குத் தனியாகச் சேர்க்கும் பாதுகாப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். வாங்கும் நாளில் சாலை வரி விலக்கும் மானியமும் நடப்பில் இருக்கின்றனவா என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிட்டு ஆன்-ரோடு விலையைப் பேசுங்கள்.

சோதனை ஓட்டம் ஷோரூம் வாசலில் ஒரு சுற்று சுற்றுவது அல்ல. சாயங்காலம் நாலு மணிக்குப் போங்கள். பின்னால் ஒருவரை உட்காரவைத்து, காற்றை எதிர்த்து ஐந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். புறப்படும்போதும் நிற்கும்போதும் பேட்டரி சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து கிலோமீட்டருக்கு 8 சதவீதம் போனால், 100 சதவீதத்துக்கு 62 கி.மீ.; வீட்டுக்கு வரும்போது கையில் 20 சதவீதமாவது மிஞ்ச வேண்டும் என்பதால் உங்களுக்குக் கிடைப்பது 50. அந்த எண்தான் உங்கள் வண்டியின் உண்மையான தூரம்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு பெட்ரோல் வண்டி இருந்தால் உடனே விற்றுவிடாதீர்கள். ஒரு கச்சானும் ஒரு வாடையும் கழியட்டும். மதுரைக்கு அவசரமாகப் போக, சர்வீஸில் மின் வண்டி இரண்டு நாள் நின்றால் வேலைக்குப் போக, அது வேண்டியிருக்கும். அதுவரை வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடமாவது ஓட்டுங்கள். டேங்கை நிரப்பி வையுங்கள். பாதி டேங்க் காலியாக நின்றால் கடல்காற்றின் ஈரம் உள்ளே படிந்து டேங்க் அடியில் துருப்பிடிக்கும்.